பிள்ளைகள் வான்கோழி கேட்டு அடம்பிடித்தால்

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில், "நாய், பூனையெல்லாம் எல்லார் வீட்லயும்தான் இருக்கு, நாம வேற ஏதாவது வளர்க்கலாம்" என்ற பேச்சு ஒருநாள் வரும். பச்சைக்கிளி, மைனா, நட்சத்திர ஆமை என்று பட்டியல் போடுவார்கள். மூன்றுமே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் அடைத்து வைத்தாலே குற்றம். வான்கோழிக்கு அந்தத் தொல்லை கிடையாது. கோழி, வாத்து கணக்கில் அதுவும் வீட்டுப்பறவைதான். கொல்லையும் சுற்றுச்சுவரும் உள்ள சிற்றூர் வீட்டுக்குப் பொருந்தும். ஆள் முகம் தெரியும், குரல் கேட்டால் ஓடிவரும், துணி காயப்போடப் போனால் பின்னாலேயே நடக்கும். ஆனால் ஏழாவது மாதவாக்கில் அதற்கும் வயசுக் கோளாறு தொடங்கும். ஆசையாக வாங்கியவர்களில் பலர் கைவிடுவது அப்போதுதான். இங்கே சொல்லும் ஏற்பாடுகளில் பாதி அந்த ஏழாவது மாதத்தை மனதில் வைத்துச் சொல்பவை.

வாங்குமுன் வீட்டில் பேச வேண்டியது

இது பிரியாணிக்கா, பிள்ளைகளுக்கா என்பதை முதலில் தீர்த்துவிடுங்கள். வருகிற சொந்தக்காரர் ஒவ்வொருவரும் "எப்ப அடிக்கப்போறீங்க மாப்ளே?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கறிக்குத்தான் என்றால் அதை வாங்கும் அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம். பேர் வைக்காமல் வளர்ப்பார்கள். பிள்ளை டியூஷன் போன நேரத்தில் அறுத்துவிட்டு, "யாரோ பிடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்வது மட்டும் வேண்டாம். பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொய் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், ரொம்ப நாளைக்கு மறக்காது.

அடுத்தது வருஷக் கணக்கு. நம்மூரில் கிடைக்கும் எடை குறைந்த வகைகள் தீனி அளவோடு இருந்தால் பத்து வருஷம்வரைகூட இருக்கும். இப்போது ஒன்பதாவது படிக்கிறவன் நாலு வருஷத்தில் கல்லூரி விடுதிக்குப் போய்விடுவான். அதற்குப்பின் தண்ணீர் வைக்கப்போவது அப்பாவா அம்மாவா என்பதை இப்போதே கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது சத்தம். களகளவென்று அடுக்கடுக்காகக் கத்துவது சேவல்தான். பெட்டை மெல்லத்தான் குரல் கொடுக்கும். பஸ் ஹாரன், குக்கர் விசில், கோயில் மேளம், இடி என்று திடீரெனக் கிளம்பும் எந்தச் சத்தத்துக்கும் சேவல் பதில் சொல்லும். பக்கத்து வீட்டுச் சுவரும் உங்கள் சுவரும் ஒன்று என்றால் சேவலை மறந்துவிட்டு இரண்டு பெட்டைகளோடு நின்றுகொள்வது நல்லது.

எதை, எப்போது வாங்குவது

ஒருநாள் குஞ்சு பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு. வாங்காதீர்கள். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரத்தில் தீனியும் தண்ணீரும் எங்கே என்று தானாகக் கண்டுகொள்ளத் தெரியாது. முன்னால் வைத்திருந்தாலும் பட்டினியில் சாகும். முதல் வாரம் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையால் ஆகிற காரியமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. மனிதக் கையிலேயே தனியாக வளர்ந்த சேவல் குஞ்சு மனிதர்களைத் தன் இனம் என்றே நினைத்துவிடும். அது என்ன பாடுபடுத்தும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டரை, மூன்று மாத வயதுப் பறவையாக வாங்குங்கள். அந்த வயதில் சேவல், பெட்டை ஓரளவு தெரிந்துவிடும். சேவலுக்கு மூக்குக்கு மேலே உள்ள சதைத் துண்டு தடித்திருக்கும், கழுத்துச் சதை சிவந்து தொங்கத் தொடங்கியிருக்கும். பெட்டைக்குத் தலையின் பின்புறம் மெல்லிய இறகு நிற்கும். நெஞ்சில் குதிரை மயிர்போல் தொங்கும் தாடியைப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றால் இன்னும் சில மாதம் காத்திருக்க வேண்டும்.

தனியாக ஒன்று வாங்கவே கூடாது. இரண்டு பெட்டை, அல்லது ஒரு சேவலுக்கு இரண்டு பெட்டை. இரண்டு சேவல் வேண்டாம். ஒன்றின் மூக்குச் சதையை மற்றொன்று கவ்விக்கொண்டு ரத்தம் வழிய வழியச் சண்டை போடும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 என்ற வகை, நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட் என்ற வெளிநாட்டு வெள்ளையையும் கலந்தது, தமிழ்நாட்டு வெயிலைத் தாங்கும். வளர்ந்த பெட்டை நாலு, ஐந்து கிலோ, சேவல் ஏழு, எட்டு கிலோ. இதைவிடக் கனமான வகைகளைச் செல்லமாக வளர்க்க வாங்க வேண்டாம். காலும் இதயமும் உடம்பைத் தாங்காமல் சீக்கிரம் போய்விடும்.

வாங்க நல்ல சமயம் ஏப்ரல் கடைசி. பிள்ளைகளுக்கு விடுமுறை, பறவை பழகுவதற்கு நேரம் கிடைக்கும். ஐப்பசி மழை வருவதற்குள் உடம்பு முழுக்க இறகு மூடியிருக்கும். நனைந்து விறைத்துச் சாவது இளம் வான்கோழிக்கு ரொம்ப சகஜம்.

கொட்டில்

மூன்று பறவைக்கு இரவில் அடைய 5 அடிக்கு 6 அடி, 6 அடி உயரக் கொட்டில் போதும். பகலில் நடக்கக் கொல்லையில் குறைந்தது 10 அடிக்கு 20 அடி வேண்டும். சாதாரணக் கோழி வலையைத் தெருநாய் பல்லால் கிழித்துவிடும். கீழிருந்து 3 அடிவரைக்கும் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடித்து, அதை அரையடி மண்ணுக்குள் புதையுங்கள். கீரி தோண்டுவது அங்கேதான்.

வான்கோழி தரையில் தூங்காது. அடைய ஒரு கட்டை வேண்டும். மூங்கில் கழி வேண்டாம். 3 அங்குல அகலமுள்ள தட்டையான சட்டத்தை முனை மழுக்கி, தரையிலிருந்து ஒன்றரை அடியில் பொருத்துங்கள். உயரத்தில் வைத்தால் பறவைக்குப் பிடிக்கும்தான். ஆனால் எட்டு கிலோ உடம்போடு தினமும் காலையில் சிமெண்ட் தரையில் குதித்தால் உள்ளங்கால் அடிபட்டு, சீழ் கட்டி, கறுத்த பொருக்கோடு வீங்கிவிடும். கட்டைக்குக் கீழே 3 அங்குலத்துக்கு நெல் உமி போடுங்கள். கடலைத்தோல் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், அது வேண்டாம்.

கொட்டில் வைக்கும் இடம் முன்பு நாட்டுக்கோழி அடைந்த இடமாக இருக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கோழியின் குடலில் வாழும் ஒரு சிறிய புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி ஒளிந்திருக்கும். கோழிக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும். கந்தகம்போல் மஞ்சளாகக் கழியும், தலை தொங்கும், சில நாளில் போய்விடும். அந்தப் புழு முட்டை மண்ணில் வருஷக் கணக்கில் உயிரோடு கிடக்கும், மண்புழு வழியாகவும் வரும். பக்கத்து வீட்டுக் கோழி வேலி நுழைந்து மேய்ந்தாலும் இதே ஆபத்துதான். பக்கத்து வீட்டு அக்காவிடம் மாதம் நாலு முட்டை கொடுத்துவிட்டு, கோழியை அந்தப் பக்கமே வைத்துக்கொள்ளச் சொல்வது மருந்துச் செலவைவிட மலிவு.

தீனி

இங்கேதான் நல்ல மனசோடு தப்பு செய்வார்கள். கடையில் போய் "கோழித் தீவனம் ஒரு மூட்டை" என்று கேட்டால் பிராய்லர் தீவனத்தை எடுத்துக் கொடுப்பார்கள். ரத்தக் கழிச்சல் வராமலிருக்க அதில் ஒரு மருந்து கலந்திருக்கும். அது சாலினோமைசின் அல்லது நராசினாக இருந்தால், கோழிக்கு ஒத்துக்கொள்ளும் அதே அளவு வான்கோழிக்கு விஷம். கால்களை நீட்டிக்கொண்டு படுக்கும், மூச்சு வாங்கும், எழுந்திருக்காது. மூட்டையோடு தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள். இந்த இரண்டு பேரில் ஒன்று இருந்தால் வேண்டாம், சீட்டே இல்லையென்றாலும் வேண்டாம்.

இரண்டாவது, கடலைப் புண்ணாக்கு. 1960-இல் இங்கிலாந்தில் காரணம் தெரியாமல் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூசண நஞ்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்சின் என்று இன்று எல்லாரும் பேசும் நஞ்சு உலகத்துக்குத் தெரிய வந்ததே வான்கோழியால்தான். செக்கடியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நம்மூரில் கடலைப் புண்ணாக்கை அள்ளிப் போடுவது வழக்கம். கோழி தாங்குவதை வான்கோழி தாங்காது. மக்காச்சோளமும் பூசண வாடை அடித்தால் தூர எறிய வேண்டியதுதான். கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு போகாது.

வீட்டிலேயே கலப்பது கஷ்டமில்லை. மூன்று மாதத்திலிருந்து ஐந்து மாதம்வரை 10 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 3 கிலோ, உப்பில்லாத கருவாட்டுத்தூள் 800 கிராம், கோதுமைத் தவிடு 700 கிராம், தாது உப்புக் கலவை 300 கிராம், கிளிஞ்சல் தூள் 200 கிராம். ஐந்து மாதத்துக்குப்பின் இவ்வளவு புரதம் தேவையில்லை: மக்காச்சோளம் ஐந்தரை கிலோ, சோயாப் புண்ணாக்கு 2 கிலோ, தவிடு 2 கிலோ, தாது உப்பும் கிளிஞ்சலும் முன்போலவே. கருவாடு உப்புப் போட்டதாக இருந்தால் தண்ணீராகக் கழியும், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. பதினைந்து நாளுக்கு மேல் கலந்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் ஒரு வாரம்தான். வளர்ந்த பெட்டைக்கு நாளைக்கு 150 முதல் 200 கிராம், சேவலுக்கு 250 முதல் 300 கிராம். முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனியாக ஒரு கொட்டாங்குச்சியில் வைத்தால் வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும்.

கீரை எவ்வளவு வேண்டுமானாலும் தின்னும். முருங்கை, அகத்தி, வேலிமசால் கொடுக்கலாம். மரவள்ளி இலை மட்டும் கூடவே கூடாது, சயனைடு இருக்கிறது. மிச்சச் சோறு ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். கொழுப்பு ஏறும், வெயில் நாளில் திடீரென விழுந்து சாகும்.

தீனியல்லாத தீனியும் உண்டு. பளபளப்பாக எது கிடந்தாலும் வான்கோழி விழுங்கும். ஊக்கு, ஸ்டேப்ளர் பின், தலைக் கிளிப், இயர்போனின் ரப்பர் முனை, நோட்டிலிருந்து பிய்த்த கம்பி எல்லாம் பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தரையில் கிடப்பவைதான். கம்பி இரைப்பையைக் குத்திக் கிழித்துவிட்டால் காப்பாற்றுவது கடினம். காந்தம் கட்டிய குச்சியால் வாரம் ஒருமுறை கொல்லையைத் துழாவச் சொல்லுங்கள். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தமே போதும்.

யார் எதைச் செய்வது

காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பதினைந்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். இதற்கு மேல் வேலை இல்லை, இதற்குக் குறைந்தும் முடியாது. காலையில் யூனிஃபார்ம் போடுமுன் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி மாற்றுவது, தீனி வைப்பது. கொட்டிலுக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு தனியாக இருக்கட்டும், அது வீட்டுக்குள் வரக் கூடாது. சாயங்காலம் எண்ணிப் பார்த்து அடைப்பது; கதவு போட்டவர்தான் தாழும் போட வேண்டும். ஞாயிறு உமியைக் கிளறி, ஈரமான இடத்தை வாரி, புதிதாகப் போடுவது. வாரிய எச்சத்தை உடனே செடிக்குப் போட்டால் வேர் கருகும். இரண்டு, மூன்று மாதம் மக்கவிட்டுத் தென்னைக்கு வைக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் போனைத் தொட வேண்டும், சால்மோனெல்லா வயிற்றுப்போக்கு வருவது அந்த வழியில்தான்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கோங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். தண்ணீர் ஒருவர், அடைப்பது ஒருவர் என்று பேர் போட்டுக் கொடுங்கள். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்குப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் காலை வேலையிலிருந்து விடுதலை. சாயங்காலம் அடைப்பதை மட்டும் விட்டுவையுங்கள். படித்துக் களைத்த பிள்ளை கால் மணி நேரம் கொல்லையில் நிற்பது நல்லதுதான்.

சேவலின் வயசு

ஏழு மாதம் நெருங்கும்போது சேவல் வால் இறகை விசிறியாக விரித்து, சிறகு நுனி தரையில் உரச, 'புஃப்' என்று மூச்சைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கும். மயிலோடு ஒப்பிட்டுக் கேலி பேசுவதற்கென்றே பேர் வாங்கிய ஆட்டம். அப்போது முகத்தைப் பாருங்கள். மூக்குச் சதை நீண்டு அலகைத் தாண்டித் தொங்கி, நெற்றி வெளுத்து, கன்னம் நீலமாக இருந்தால் ஆட்டம் பெட்டைக்கு. தலை முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகி, பக்கவாட்டில் நடந்து உங்களை வளைத்து வந்தால் அது சண்டைக்கு. மூக்குச் சதை சுருங்கிச் சின்னக் கொம்புபோல் நின்றால் பயந்திருக்கிறது. தலை வெளிறி, இறகு உப்பி, ஓரமாக நின்றால் உடம்பு சரியில்லை.

சண்டைக்கு வரும் சேவலிடம் திரும்பி ஓடக் கூடாது. ஓடினால் அது ஜெயித்துவிட்டது; நாளைக்கும் வரும். காலால் உதைப்பதும் தப்பு, அதன் கணக்கில் அது சண்டைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அசையாமல் நின்று, ஒரு துடைப்பத்தையோ கூடையையோ குறுக்கே பிடித்து, மெதுவாக அதை நோக்கியே நடங்கள். பின்வாங்கவில்லையென்றால் பின்னாலிருந்து இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்து அணைத்துத் தூக்கி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, அது அடங்கும்வரை ஐந்து நிமிஷம் கொல்லையில் நடங்கள். தினமும் இப்படிச் செய்தால் ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் வழிக்கு வரும்.

பெரும்பாலான சேவல்களைக் கெடுப்பது வீட்டுப் பையன்கள்தான். எதிரே நின்று கத்திக் கத்திப் பதில் சொல்ல வைப்பது, கண்ணாடி காட்டிச் சீண்டுவது, நெஞ்சில் தள்ளி விளையாடுவது, அதை ரீல்ஸ் போடுவது. சேவல் இதையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசியில் கொத்து வாங்குவது கோலம் போடக் குனியும் பாட்டியோ, பக்கத்து வீட்டுக் குழந்தையோதான். சேவலின் தலை உயரத்துக்குக் குழந்தையின் முகம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நாலாவது மாதத்திலிருந்தே சேவலுக்குக் கையால் தீனி கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். பெட்டைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். மடியில் ஏறித் தூங்கக்கூடச் செய்யும்.

சிறகு வெட்டுவது

பெட்டை ஆறடிச் சுவரை லேசாகத் தாண்டிவிடும். ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்க, மற்றவர் ஒரு சிறகை மட்டும் விரிக்க வேண்டும். நுனியில் உள்ள பத்து நீள இறகுகளைக் கூர்மையான கத்தரியால் பாதி நீளத்துக்கு வெட்டுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, தத்திப் பறந்துவிடும். வெட்டுமுன் ஒவ்வோர் இறகின் தண்டையும் திருப்பிப் பாருங்கள். தண்டு வெண்மையாக, குழலாக இருந்தால் நகம் வெட்டுவது போலத்தான். நீலம் பாய்ந்து கருமையாகத் தெரிந்தால் உள்ளே ரத்தம் ஓடுகிறது. அதை விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வெட்டுங்கள். தவறி வெட்டி ரத்தம் வந்தால் மைதாவை அப்பிப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். வருஷா வருஷம் இறகு உதிர்ந்து முளைத்ததும் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.

ஊசி, வெயில், தீபாவளி

அம்மைத் தடுப்பூசி நாலு, ஐந்து வார வயதிலும், வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிக்கழிச்சலுக்கான ஊசி ஆறாவது வாரத்திலும் போட்டிருக்க வேண்டும். வாங்கும் இடத்தில் கேளுங்கள். தடுப்பு மருந்து நூறு பறவைக்கான குப்பியாக வருவதால் மூன்றுக்காகத் தனியே உடைக்கத் தயங்குவார்கள். கால்நடை மருந்தகத்தில் கோழிக்கழிச்சல் முகாம் என்றைக்கு என்று கேட்டு, கூடையில் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அளவை எடை போட்டு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சித்திரை வெயிலில் வாயைப் பிளந்து, சிறகை உடம்பை விட்டு அகற்றி நின்றால் நிழலுக்குக் கொண்டுபோய்க் காலை நனைத்துவிடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். மத்தியானம் வலைமேல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டாலே பெரும்பகுதி சரியாகும். தீபாவளிக்கு முந்தின சாயங்காலமே கொட்டிலில் அடைத்து, சுற்றிச் சாக்குக் கட்டி, உள்ளே ஒரு சின்ன பல்பு எரியவிடுங்கள். வெடிச் சத்தத்தில் மிரண்டு இருட்டில் மூலையில் மோதி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும்.

ஒன்றுக்கு மேற்பட்டவை காரணமில்லாமல் ஒரே நாளில் செத்தால் பிள்ளைகளைத் தொடவிடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

பெட்டை அடை படுத்தால்

முப்பது வாரத்தில் முட்டை தொடங்கும், பெரும்பாலும் மத்தியானத்துக்குமேல்தான் இடும். ஒரு முட்டை 85 கிராம்வரை, வருஷத்துக்கு 80 முதல் 100. சேவல் இல்லாத வீட்டில் அந்த முட்டையில் குஞ்சு வராது என்பது பெட்டைக்குத் தெரியாது. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கவும் மறந்து படுத்திருக்கும், நாளுக்கு நாள் மெலியும். குஞ்சு பொரிக்க வேண்டிய 28 நாள் கழிந்தும் எழாது. அடை கலைக்க, தரையிலிருந்து ஓரடி தூக்கிய கம்பி அடித்தளக் கூண்டில், உமி இல்லாமல், தீனியும் தண்ணீரும் வைத்து, வெளிச்சமான இடத்தில் மூன்று, நாலு நாள் விடுங்கள். வயிற்றுக்கடியில் காற்றுப்பட்டு உடம்புச் சூடு இறங்கினால் அடை கலையும். வெளியே விட்டதும் நேராகப் பழைய இடத்துக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் உள்ளேயே இருக்கட்டும்.